டிரெத்தோரே வைத்த நேர்த்தி

1. சமையலறைக் கூட்டம்

இத்தாலியின் பலேர்மோ நகரில் இருக்கிற எங்கள் கிளினிக்காவில் கூட்டம் என்றால் மேல்மாடி மண்டபத்தில்தான் நடக்கும். அன்றைக்கு மண்டபத்து ஏசி பழுது. அதனால் எங்கள் நிர்வாகி இருதய வார்ட்டின் சமையலறைக்குள் கூட்டத்தை வைத்தார். நாலு பேர் நின்றாலே முழங்கை இடிக்கிற இடம் அது. வைத்தியர்கள், தாதிகள், என்னைப் போன்ற உதவியாளர்கள், துப்புரவு வேலை செய்கிற சுதா என்று எல்லோரும் நெருக்கியடித்துக்கொண்டு நின்றோம். நான் ஃபிரிட்ஜில் சாய்ந்துகொண்டேன். காலைத் தூர்னோ, அதாவது காலை முறை வேலை, பாதிதான் முடிந்திருந்தது. கால் உளைவில் எனக்குக் கோபம் கோபமாக வந்துகொண்டிருந்தது.

நிர்வாகியை நாங்கள் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. டிரெத்தோரே என்றுதான் சொல்வோம். ஒல்லியான மனிதர், நன்றாக உடுப்பார், பணக்காரத் தெருவான லிபெர்த்தாவில் வீடு. கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு கட்டிலைப் பார்த்தால் அவருக்கு முதலில் கட்டில்தான் தெரியும், அதில் படுத்திருக்கிற ஆள் பிறகுதான் தெரிவார்.

"இனி ஆக்கள் திரும்பி வரக் கூடாது" என்று தொடங்கினார்.

அது இரண்டாயிரத்துப் பத்துகளின் நடுப்பகுதி. எங்கள் கிளினிக்கா தனியாருடையது, ஆனால் நோயாளிக்கான செலவை ரெஜியோனே, அதாவது சிசிலியின் அரசாங்கம், தருகிறது. இப்போது ரெஜியோனே புதிதாக இறுக்கத் தொடங்கியிருந்தது. ஓர் ஆள் வீட்டுக்குப் போய் முப்பது நாளுக்குள் அதே நோயோடு திரும்பி வந்தால் இரண்டாம் முறைக்குப் பணத்தை வெட்டிவிடுவார்கள். முதல் முறை ஒழுங்காகப் பார்க்கவில்லை என்று அர்த்தமாம்.

இருதய வைத்தியர் டொத்தொரெஸ்ஸா லிவியா இதைக் கேட்டுச் சந்தோசப்பட்ட ஒரே ஆள். சின்ன வயது, வாய் பெரிது, என் கட்சி. "சரியாத்தான் செய்யினம். நாங்கள் ஆக்களை அரைவாசி ஈரத்தோடை வீட்டை அனுப்புறம். கால் வீக்கம் முழுக்க வத்த முந்திக் கட்டிலைக் குடுங்கோ எண்டு நீங்கள்தானே நிக்கிறியள்?" என்றார்.

தலைமைத் தாதிக்கு அது பிடிக்கவில்லை. "அப்ப அந்த மனுசன் வீட்டை போய் உப்புப் போட்ட மீனைத் திண்டால் அதுக்கும் நானோ பொறுப்பு? வீட்டிலை பாக்க ஆளில்லாததுகள்தான் திரும்பி வருகுதுகள். இப்பிடித் தண்டம் போட்டால் நாளைக்கு வாசலிலை வைச்சே திருப்பி அனுப்புவியள்."

"ஆரும் திருப்பி அனுப்பேல்லை" என்றார் டிரெத்தோரே. "வரக் கூடாது எண்டுதான் சொல்லுறன்."

"வராமல் இருக்க என்ன செய்யிறது, டிரெத்தோரே? படியிலை எண்ணெய் ஊத்தி விடுறதோ?" என்று நான் கேட்டேன். எனக்கு வாய் சும்மா இருக்காது. சுதா என் முதுகில் கிள்ளினாள்.

நான் பிலோமினா, இத்தாலியர் வாயில் ஃபிலொமேனா. மன்னாரில் பிறந்தவள். நோயாளிகளைக் கழுவித் துடைத்து, தூக்கி இருத்தி, உணவூட்டுகிற வேலை எனக்கு. ஓ.எஸ்.எஸ் என்று இங்கே சொல்வார்கள். இப்போது எங்கள் பிள்ளைகள் பலர் அந்தக் கோர்ஸ் படிக்கிறார்கள், அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். இத்தாலியர்கள் கதைத்ததை எங்கள் தமிழிலேயே போட்டிருக்கிறேன். அவர்களுடைய தூசணங்களை மட்டும் விட்டுவிட்டேன், அதற்குக் கோர்ஸ் தேவையில்லை.

கூட்டம் நடந்தபோது எல்லோர் மனதிலும் ஒரே ஓர் ஆள்தான் இருந்தார். ஏழாம் கட்டில் டொன் தானோ. பலேர்மோ துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்றவர், தொழிற்சங்கத்தில் பெரிய சண்டைக்காரர். மனைவி இல்லை, மகள் ஜெனோவாவில். இருதயம் களைத்துப்போய் உடம்பில் நீர் கோர்க்கிற வருத்தம். வருவார், நீரை இறக்கி அனுப்புவோம், இரண்டு மூன்று கிழமையில் சொந்தத் தலையணையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு திரும்ப வருவார். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் சீசன் டிக்கெட்.

அவருக்கு அடுத்த நாள் டிஸ்சார்ஜ்.

2. காசு முடிந்தது

கூட்டம் கலைந்த பிறகும் டிரெத்தோரே போகவில்லை. காப்பி போட்டுக்கொண்டு நின்றார். சுதா தரை துடைக்கத் தொடங்கினாள். நொண்டி நொண்டித் துடைத்தாள்.

"காலுக்கு என்ன?" என்று கேட்டார் அவர்.

சுதா வன்னிப் பிள்ளை. அவள் சைவ சமயம், நான் வேதம், அதாவது கத்தோலிக்கம். ஆனால் பலேர்மோவில் எங்களுக்குள் அந்தப் பாகுபாடு கிடையாது. ஞாயிற்றுக்கிழமை என்றால் வேதமும் சைவமும் ஒன்றாக மொன்தே பெல்லெக்ரினோ மலையேறி இந்த நகரத்தின் காவல் புனிதை சாந்தா ரொசாலியாவிடம் போவோம். இந்த ஊர்க்காரர் அவளைச் செல்லமாகச் சாந்துஸ்ஸா என்பார்கள். சுதா தன் மகளின் சோதனைக்கு நேர்த்திக்கடன் வைத்திருந்தாள். மகள் பாஸ். முதல் நாள்தான் வெறுங்காலோடு மலையேறி நேர்த்தியைத் தீர்த்துவிட்டு வந்திருந்தாள்.

இதையெல்லாம் சுதா அவருக்கு விளக்கினாள். டிரெத்தோரே காப்பியை வைத்துவிட்டுச் சமையலறைக் கதவைச் சாத்தினார். ஆரையோ வேலையால் நிற்பாட்டப் போகிறார் என்று நினைத்தேன்.

"பலிக்குதோ?" என்று மெதுவாகக் கேட்டார்.

"என்ன?"

"உங்கடை இந்த நேர்த்தி. இஞ்சை எல்லாரும் சொல்லுகினம், சாந்துஸ்ஸா இப்ப எங்களை விடத் தமிழருக்குத்தான் காது குடுக்கிறா எண்டு."

"நீங்களும்தானே பலேர்மோக்காரர். நீங்களும் ஏறுறதுதானே?" என்றேன்.

"சின்னனிலை அம்மா கூட்டிக்கொண்டு போனவ. பிறகு நேரமில்லை." கொஞ்சம் யோசித்தார். "நீங்கள் இரண்டு பேரும் எனக்காக ஒரு நேர்த்தி வையுங்கோ. இருதய வார்ட்டிலை இருந்து போறவை ஒருத்தரும் முப்பது நாளுக்கு உள்ளுக்கு வரக் கூடாது எண்டு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ரெஜியோனேயின் சட்டத்துக்கு மன்னார்க்காரியும் வன்னிக்காரியும் நேர்த்தி வைக்க வேண்டுமாம்! ஆனால் சுதாவுக்கு இந்த விசயத்தில் பகிடி பிடிக்காது.

"அப்பிடி வைக்கேலாது" என்றாள். "ஆருக்கு வேணுமோ அவர்தான் வைக்க வேணும். அவர்தான் நடக்கவும் வேணும்."

"நானோ?"

"பின்னை நானோ? என்ரை கால் போதும் உடைஞ்சது."

அவள் உடனே வேலையில் இறங்கிவிட்டாள். டிரெசிங் வண்டியிலிருந்து ஒரு துண்டுக் கோஸ் துணி எடுத்தாள். சமையலறையில் என் மஞ்சள்தூள் இருந்தது, அதைத் தண்ணீரில் கரைத்துத் துணியை நனைத்தாள். ஒரு காசு கேட்டாள். டிரெத்தோரே பர்சைத் துழாவி ஆகச் சின்னக் காசாகப் பார்த்து எடுத்தார். சுதா பார்த்த பார்வையில் அதை வைத்துவிட்டு வேறு எடுத்தார். அவர் கையாலேயே அதைத் துணியில் முடியச் சொன்னாள், அவர் முடிந்தார். "இந்த முப்பது நாளும் ஒருத்தரும் திரும்பி வராட்டில் நான் வெறுங்காலோடை மலை ஏறுவன்" என்று வாய்விட்டும் சொன்னார். அந்த முடிச்சை ஃபிரிட்ஜின் மேல் வைத்தோம்.

"இது எங்களுக்குள்ளை இருக்கட்டும்" என்று போகும்போது சொன்னார்.

பலேர்மோவில் ஒரு விசயம் மூன்று பேருக்குத் தெரிந்தால் ஊருக்கே தெரியும். அதிலும் மூன்றாம் ஆள் சுதா. மத்தியானச் சாப்பாட்டுத் தட்டு வருகிறதற்குள் ஏழாம் கட்டிலுக்குச் செய்தி போய்விட்டது. நான் டொன் தானோவின் முதுகைத் துடைக்கப் போனபோது மனிதர் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"மகள், உண்மையோ? அவன் சப்பாத்தைக் கழட்டுவானோ?"

"ஆர்?"

"நடியாதை. எல்லாம் தெரியும். நான் வராட்டில் அவன் வெறுங்காலோடை ஏறுவான், என்ன?"

"நீங்கள் மட்டுமில்லை, ஒருத்தரும் வரக் கூடாது."

"மற்றவை வரமாட்டினம். என்னிலைதான் விசயம் இருக்கு" என்றார். வாழ்க்கையில் முதல் தடவை டிஸ்சார்ஜுக்கு அவசரப்பட்டார்.

3. எழுபத்தெட்டு

சும்மா சொல்லக் கூடாது, அந்தத் தண்டத்தால் எங்களுக்குப் புத்தியும் வந்தது. அதுவரை ஓர் ஆளை வாசலில் ஏற்றிவிட்டால் எங்கள் வேலை முடிந்தது. இப்போது லிவியா ஓர் ஒழுங்கு கொண்டுவந்தார். வீட்டுக்குப் போகிற ஒவ்வொருவருக்கும் நீர் போகிற குளிசை மாத்திரையைப் பற்றி இருத்தி விளக்குவது, தினமும் நிறை பார்க்கச் சொல்வது, பின்னேரத்தில் எங்களில் ஒருவர் போன் எடுத்து விசாரிப்பது. நிறை சடாரென்று ஏறினால் உடம்பில் நீர் சேருகிறது என்று அர்த்தம். டொன் தானோவை என் தலையில் கட்டினார்கள். அவர் வேறு யாருடைய சொல்லையும் கேட்க மாட்டார். என் சொல்லையும் கேட்க மாட்டார், ஆனால் என்னோடு சண்டை பிடிக்க விருப்பம்.

முதல் கிழமை போன் எடுத்தால் வைக்க விட மாட்டார்.

"உப்பில்லாத பாஸ்தாவை மனுசர் திண்ணுவினமோ? நீ திண்ணுவியோ?"

"எனக்கு வருத்தமில்லை, நான் உப்போடை திண்ணுவன்."

"பாத்தியோ! இதுதான் முதலாளிமாற்றை புத்தி. உனக்கும் வந்திட்டுது."

"நிறை எவ்வளவு?"

"எழுபத்தெட்டு. டிரெத்தோரே கால் பழக்குறானோ?"

"ஓம், கோரிடோரிலை வெறுங்காலோடை ஓடுறார். கதையை விட்டிட்டுக் குளிசையைப் போடுங்கோ."

இப்படியே போயிற்று. ஒவ்வொரு நாளும் எழுபத்தெட்டு. எனக்கும் அது விளங்கியிருக்க வேண்டும், மனிதரின் நிறை என்ன சுவரில் அடித்த ஆணியா, அசையாமல் நிற்க? ஆனால் வார்ட்டில் எல்லோரும் சந்தோசமாக இருந்தார்கள். ஒருவரும் திரும்பி வரவில்லை. டிரெத்தோரே தினமும் சமையலறைக்கு வந்து ஃபிரிட்ஜின் மேல் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவார். பயமா, சந்தோசமா என்று முகத்தில் தெரியாது. பணம் வெட்டுப்படாது என்பது சந்தோசம். மலை பயம்.

மாத முடிவு நெருங்க நெருங்க டொன் தானோவின் சண்டை குறைந்தது. ஒரு நாள் உப்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த நாள், "நல்லா இருக்கிறன். எழுபத்தெட்டு" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டார். நான் சுதாவிடம் சொன்னேன்.

"நல்லதுதானே அக்கா, மனுசன் திருந்திட்டார்."

"விசரோ உனக்கு? டொன் தானோ சண்டை பிடிக்காமல் போனை வைச்சால் சண்டை பிடிக்க மூச்சில்லை எண்டு அர்த்தம்."

சொன்ன பிறகுதான் என் வாயில் வந்தது எனக்கே விளங்கிற்று. யூனிபோமையும் மாற்றாமல் கிளம்பினேன்.

4. மூன்றாம் மாடி

டொன் தானோவின் வீடு போர்கோ வெக்கியோவில், மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது. அங்கே யார் வந்தாலும் பல்கனியிலிருந்து கயிற்றில் கூடையை இறக்கித் திறப்பை, அதாவது சாவியை, கொடுப்பார்கள். கீழே சந்தைக் கடைகள் இன்னும் மூடவில்லை, நல்ல வெளிச்சம். நான் கூப்பிட்டேன். வெகுநேரத்துக்குப் பிறகு கூடை இறங்கியது. இடையில் நின்றது, சுவரில் இடித்தது, திரும்ப இறங்கியது. வாழ்நாள் முழுக்கக் கிரேனில் சாமான் இறக்கிய மனிதர் இறக்குகிற கூடையா இது என்று நினைத்துக்கொண்டே திறப்பை எடுத்துப் படியேறினேன்.

மேலே போய்ப் பார்த்தால் மனிதர் பல்கனியில் கதிரையில் இருந்தார். கட்டிலில் படுத்தால் மூச்சு முட்டுகிறதாம், சில நாளாகக் கதிரையிலேயே தூக்கம். காலைப் பார்த்தேன். இரண்டு காலும் பாணுக்குப் புளிக்கவைத்த மாவாக ஊதிக் கிடந்தன. விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றது.

"எழுபத்தெட்டோ இது? ஆருக்குப் பொய் சொன்னியள்?" என்று கத்தினேன்.

"கத்தாதை... மகள். இன்னும்... நாலு நாள்தான்."

"என்ன நாலு நாள்?"

"நாலு நாள் பொறுத்தால்... அவன் ஏற வேணும்." மூச்சு வாங்கிக்கொண்டு சிரித்தார். "எத்தினை ஸ்ட்ரைக் செய்தன். ஒரு முதலாளியும்... சப்பாத்துக் கழட்டினதை... நான் பாக்கேல்லை."

எனக்கு அழுகை வந்தது. அறைந்துவிடலாமா என்றும் வந்தது. இந்த மனிதர் வீட்டுக்குள் மூழ்கிக்கொண்டிருக்கிறார், எதற்கு? ஒருவனுடைய வெறுங்காலைப் பார்க்க! ஆம்புலன்சுக்கு அடிக்கப் போகிறேன் என்றேன். வந்தால் திருப்பி அனுப்புவேன், ஒன்றிலும் கையெழுத்து வைக்க மாட்டேன் என்றார். செய்யக்கூடிய ஆள்தான். ஆகவே நான் டிரெத்தோரேக்குப் போன் அடித்தேன்.

விசயத்தைச் சொன்னேன். அவர் முதலில் கேட்டது இது:

"இண்டைக்கு எத்தினையாம் நாள்?"

"டிரெத்தோரே!"

"இல்லை, சும்மா கேட்டனான். நாலு நாள் தாங்காதோ? குளிசையைக் கூட்டிக் குடுத்தால்..."

என் வாயில் வந்ததைச் சொன்னால் என் வேலை போயிருக்கும். போனை டொன் தானோவின் வாய்க்குக் கிட்டப் பிடித்தேன். "டிரெத்தோரே... சப்பாத்தை... துடைச்சு வையுங்கோ" என்றார் அவர். அந்த நாலு சொல்லுக்குள் எத்தனை தரம் மூச்சு எடுத்தார் என்று கேட்கிற எவனுக்கும் விளங்கும்.

"வாறன்" என்றார் டிரெத்தோரே. போன் வெட்டுப்பட்டது.

நான் ஆம்புலன்சுக்கும் அடித்துவிட்டேன், பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. ஆனால் டிரெத்தோரேதான் முதலில் வந்தார். வெஸ்பாவில் வந்து, கோட்டும் சூட்டுமாக மூன்று மாடி ஏறி, வியர்த்து ஒழுகிக்கொண்டு பல்கனிக்குள் வந்தார். டொன் தானோவின் காலைப் பார்த்தார். பிறகு முகத்தைப் பார்த்தார். அவருடைய கோலம் மாறிவிட்டது.

"எத்தினை நாளா இப்பிடி இருக்கிறார்?" என்று என்னிடம் கேட்டார்.

"அவரைக் கேளுங்கோ. எழுபத்தெட்டு எண்டு சொல்லுவார்."

"டொன் தானோ, எழும்புங்கோ, போவம். காசு வெட்டினால் வெட்டட்டும்."

"ஏறுவியோ?" என்றார் டொன் தானோ.

"நீங்கள் உள்ளுக்கு வந்தால் நேர்த்தி பலிக்கேல்லை. பிறகு நான் ஏன் ஏற வேணும்?"

"அப்ப நான் வரேல்லை."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். "ஃபிலொமேனா, உங்கடை வழக்கம் என்ன? நேர்த்தி பலிக்காட்டில்?" என்று டிரெத்தோரே கேட்டார்.

ஏற வேண்டும் என்று ஒரு பொய்யைச் சொல்லியிருக்கலாம். சாந்துஸ்ஸாவின் விசயத்தில் எனக்குப் பொய் வராது. "பலிக்காட்டில் ஒண்டும் செய்யத் தேவையில்லை" என்று சொல்லிவிட்டு என் நாக்கை நானே கடித்துக்கொண்டேன். டொன் தானோ கதிரையின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கடல் பக்கம் திரும்பிவிட்டார். உதடு நீலம் பாரிக்கத் தொடங்கியிருந்தது.

டிரெத்தோரே அந்த உதட்டைப் பார்த்தார். "ஐயோ, சரி! ஏறுறன்! வெறுங்காலோடை ஏறுறன். இப்ப எழும்பு மனுசா!" என்று கத்தினார். எதிர்ப் பல்கனியில் நின்ற பெண்கள் கை தட்டினார்கள்.

சந்தைக் கடைகளால் ஆம்புலன்ஸ் உள்ளே வர முடியாமல் மூலையில் நின்றது. ஸ்ட்ரெச்சர் வரும்வரை டிரெத்தோரே பொறுக்கவில்லை. டொன் தானோவைக் கதிரையோடு தூக்கினோம். நான் பின்கால், அவர் முன்கால். படியெல்லாம் டொன் தானோ கட்டளை போட்டார். "இடம்... மெதுவா... இப்ப இறக்கு." மூச்சில்லாவிட்டாலும் கிரேன்காரன் கிரேன்காரன்தான். மீன்கடைக்காரர்கள் பெட்டிகளை இழுத்து வழி விட்டார்கள்.

இரண்டு நாளில் கால் வற்றியது. லிவியா சொன்னார், இன்னும் ஒரு நாள் போயிருந்தால் கதிரையோடு வேறு இடத்துக்குத்தான் தூக்கியிருப்போம் என்று. ரெஜியோனே வெட்ட வேண்டியதை வெட்டியது.

5. மலை

டிரெத்தோரே சொல்லு மாறவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மலையடிவாரத்துக்கு வந்தார். நாங்கள் வழக்கம்போல ஒரு கூட்டம் தமிழர், குழந்தைகள், பூ, மெழுகுதிரி. டொன் தானோ வீட்டுக்குப் போய் நல்லாயிருந்தார். லிவியாவே தன் காரில் அவரைக் கொண்டுவந்து ஒரு பிளாஸ்டிக் கதிரையில் இருத்தியிருந்தார். மலையேற அவருக்கு அனுமதி இல்லை, அவருக்கு அது தேவையும் இல்லை. அவர் பார்க்க வந்தது தொடக்கத்தை மட்டும்தான்.

டிரெத்தோரே குனிந்து சப்பாத்தைக் கழற்றினார். பிறகு காலுறையை. வெயிலே காணாத வெள்ளைக் கால்.

"ஆ..." என்றார் டொன் தானோ. பெரிய மூச்சு, நல்ல முழு மூச்சு. எனக்கு அந்தச் சத்தம் போதும்.

பழைய கல்லுப் பாதை. ஏறத் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே எங்கள் பெண்கள் இடுப்பில் பிள்ளையோடு அவரைத் தாண்டிப் போனார்கள். சுதா மட்டும் பக்கத்தில் நடந்து புத்தி சொல்லிக்கொண்டு வந்தாள். "குதிக்காலாலை வையாதையுங்கோ. நிழலிலை நடவுங்கோ. முகத்தைச் சுழியாதையுங்கோ, அவ பாத்துக்கொண்டிருக்கிறா." பாதி வழியில் அவர் ஒரு கல்லில் குந்திவிட்டார்.

"ஃபிலொமேனா, அண்டைக்கு நான் நாள் கேட்டது பிழைதான்" என்றார்.

"ஓம், பிழை" என்றேன். ஆறுதல் சொல்ல எனக்கு வரவில்லை.

எழும்பி நடந்தார். உச்சியில் இருக்கிற குகைக் கோயிலுக்குள் போய்ச் சாந்துஸ்ஸாவின் முன்னால் வெகுநேரம் நின்றார். என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

6. வாசல் மேசை

இத்தோடு முடிந்திருந்தால் நல்ல பக்திக் கதை. ஆனால் அந்தக் கால் கொப்பளித்துவிட்டது. ஆள் வெட்கத்தில் ஒருவருக்கும் காட்டாமல் அதே சப்பாத்துக்குள் காலை விட்டுக்கொண்டு திரிந்தார். சீழ் பிடித்துக் காய்ச்சல் வந்து எங்கள் கிளினிக்காவிலேயே படுக்க வேண்டியதாயிற்று. லிவியா ஒரு கிழமை இருக்கச் சொன்னார். ரெஜியோனேயில் முக்கியமான கூட்டம் என்று நாலாம் நாளே தானாகக் கையெழுத்து வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அடுத்த கிழமை பின்னேரத் தூர்னோவில் என்னைச் சக்கர நாற்காலியோடு வாசலுக்குக் கூப்பிட்டார்கள். போனால் டாக்சியிலிருந்து டிரெத்தோரே இறங்குகிறார், காலில் துவாய்த் துண்டு சுற்றியிருக்கிறது. முகம் சிவந்து காய்ச்சல். அவரை இருத்தி உள்ளே தள்ளிக்கொண்டு போனேன்.

வாசல் மேசையில் இருந்த பெண் லீவில் போன ஆளுக்குப் பதிலாக வந்தவள். புதுசு, அவரை அவளுக்குத் தெரியாது. டொன் தானோ விசயத்துக்குப் பிறகு டிரெத்தோரே ஒரு புது ஒழுங்கு போட்டிருந்தார். வருகிற ஆளிடம் முதல் கேள்வியாக முப்பது நாள் விசயத்தைக் கேட்க வேண்டும். அவள் கம்ப்யூட்டரைப் பார்த்து வாசித்தாள்.

"கடைசி முப்பது நாளுக்குள்ளை இஞ்சை படுத்திருக்கிறியளோ?"

"இல்லை" என்றார் டிரெத்தோரே.

நான் நாற்காலியைத் தள்ளாமல் நின்றுவிட்டேன். அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். காது மடல் சிவந்துபோயிருந்தது. முதலில் எனக்குச் சிரிப்பு வரப் பார்த்தது, பிறகு வரவில்லை.

"ஓம், பிள்ளை" என்றேன் அந்தப் பெண்ணிடம். "போன கிழமைதான் இஞ்சை இருந்து போனவர். எழுது."

லிஃப்டுக்குள் போன பிறகு அவர் வாய் திறந்தார். "ஏன் அப்பிடிச் சொன்னன் எண்டு எனக்கே தெரியேல்லை. வாயிலை வந்திட்டுது."

"பயம், டிரெத்தோரே."

"நான் போட்ட கேள்வி அது."

"ஓம். நல்லா வேலை செய்யுது."

அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார், காய்ச்சலாலா என்று தெரியாது.

குணமாகி வந்ததும் அந்தக் கேள்வியை எடுக்கச் சொல்வார் என்று நினைத்தேன். எடுக்கவில்லை, ரெஜியோனேக்கு அது வேண்டும். ஆனால் கடைசிக்குத் தள்ளினார். லிவியாவும் தலைமைத் தாதியும் இன்றைக்கும் அந்தத் தண்டம் சரியா பிழையா என்று சமையலறையில் சண்டை பிடிப்பார்கள். என்னைக் கேட்டால் இரண்டு பேரும் சரி. தண்டம் வந்ததால்தான் நாங்கள் வீட்டுக்குப் போன ஆளை நினைக்கப் பழகினோம். ஆனால் அந்தப் பயம் நோயாளியின் காதுக்குப் போய்விட்டால் அவர் வீட்டுக்குள் இருந்து எழுபத்தெட்டு என்று சொல்லத் தொடங்கிவிடுவார். டொன் தானோ அந்த வருடம் இன்னும் இரண்டு முறை வந்தார். இரண்டு முறையும் கால் கொஞ்சமாக வீங்கியபோதே, தன் காலாலேயே நடந்து வந்தார். ஒரு முறையும் நான் அவரைத் திட்டவில்லை, நல்ல காலம் வந்தீர்கள் என்றுதான் சொன்னேன்.

பிள்ளைகள், நாளைக்கு நீங்களும் ஒரு வாசலில் நிற்பீர்கள். திரும்பி வருகிற ஆளிடம் எங்கே நோகிறது என்று முதலில் கேளுங்கள். நாள் எண்ணுவதற்கு மேல்மாடியில் ஆட்கள் இருக்கிறார்கள்.